மோதிர விரல்ல பாதி மட்டும் மரத்திருந்த கை: ஒரு கேஸ், மூணு பிரச்னை

வந்தவங்களுக்கு 54 வயசு, தையல் வேலை, வலது கைப் பழக்கம், 11 வருஷமா சர்க்கரை, மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்ல. கையில கொண்டு வந்த ஃபைல்ல மேல எழுதியிருந்தது "கழுத்து எலும்பு தேய்மானம், வலது கை மரமரப்பு". கிட்டத்தட்ட 2 வருஷமா இதுக்கு வைத்தியம் நடந்திருக்கு, கழுத்து எக்ஸ்ரே, காலர், ட்ராக்‌ஷன், மீகோபாலமின்ங்கற பி12 வைட்டமின் மாத்திரை, அப்புறம் நரம்பு வலிக்குக் குடுக்கற ப்ரீகாபலின், நடுவுல வலி ஊசியும் ரெண்டு மூணு தடவை. மாத்திரை போட்டா கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான், கை அப்படியேதான் இருந்துச்சு.

இந்த கேஸை முழுசா எழுதறதுக்குக் காரணம், ஒரே கையில மூணு தனித்தனி பிரச்னை இருந்துச்சு, மூணையும் "கை வலி"ன்னு ஒரே பேர்ல கட்டி ஒரே மருந்து குடுத்துட்டு இருந்தாங்க. மூணுக்கும் இடம் வேற, வைத்தியம் வேற, எல்லாத்தையும் விட அவசரம் வேற. ரெண்டு காத்திருக்கும், ஒண்ணு காத்திருக்காது.

அவங்க சொன்னது

"கை முழுக்க மரத்துப்போகுது டாக்டர், ராத்திரி எழுந்து உதறிக்கிட்டே உக்காந்திருப்பேன்." மரமரப்போட வர்றவங்க பெரும்பாலும் "முழுக்க"ன்னுதான் சொல்லுவாங்க, ராத்திரி தூக்கத்துல முழிச்சு கை செத்த மாதிரி கிடக்கும்போது யாரும் விரல் விரலா எண்ணிப் பாக்க மாட்டாங்க. அதனால நான் ஒரு வெள்ளைத் தாள்ல கையோட படம் வரைஞ்சு குடுத்து, அம்மா, மரத்துப்போற இடத்தை மட்டும் பேனாவால நிரப்புங்கன்னு சொல்லிடுவேன். அவங்க கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணையும் முழுசா நிரப்புனாங்க, மோதிர விரலுக்கு வந்ததும் நின்னு, இடது கையால வலது மோதிர விரலைத் தடவிப் பாத்துட்டு, நடுவிரல் பக்கம் இருக்கற பாதியை மட்டும் நிரப்புனாங்க. சுண்டு விரலைத் தொடவே இல்ல.

எனக்கு அங்கயே பாதி கேஸ் முடிஞ்சுது. ஒரே விரலோட ஒரு பாதி மரத்து மறு பாதி நல்லா இருக்கணும்னா, அந்தப் பாதிக்கு வர்ற நரம்புலதான் கோளாறு, அது மீடியன் நரம்பு. மணிக்கட்டு எலும்புங்களுக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவுல இருக்கற கார்பல் டனல்ங்கற குறுகலான வழியா அது கைக்குள்ள போகுது, அங்க அமுங்குனா அந்தப் பிரச்னைக்கும் கார்பல் டனல்னுதான் பேர். சுண்டு விரல் பக்கத்துப் பாதிக்கு வர்றது அல்னார் நரம்பு. கழுத்துல நரம்பு வேர் அமுங்குனா மோதிர விரல் இப்படி நடுவுல கோடு போட்ட மாதிரி பிரியறது ரொம்ப அபூர்வம்.

மத்த விவரம்: முதல்ல ராத்திரி மட்டும்தான் மரத்துச்சு, கையை உதறுனா சரியாயிடும். அப்புறம் வண்டி ஓட்டும்போது, ஃபோனைக் காதுல வைக்கும்போது. கடைசி 6 மாசமா நாள் முழுக்க. ஊசி கையில இருக்கா விழுந்துடுச்சான்னு கண்ணால பாத்தாதான் தெரியுதுன்னு சொன்னாங்க, அந்த ஒரு வரி எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா விட்டு விட்டு வந்த மரமரப்பு நிரந்தரமா தங்கிடுச்சுன்னா நரம்பு ரொம்ப தூரம் போயிடுச்சுன்னு அர்த்தம்.

இதுக்கு மேல ரெண்டு தொந்தரவு. காலையில மோதிர விரல் மடங்குனபடியே நின்னுடும், இடது கையால பிடிச்சு இழுத்தாதான் "டக்"குனு நிமிரும். அப்புறம் கட்டை விரல் அடியில வலி, கத்திரிக்கோல் பிடிச்சாலோ டப்பா மூடி திறந்தாலோ சுருக்குனு வரும்.

பாத்ததும் தொட்டதும்

ரெண்டு கையையும் உள்ளங்கை மேல பாக்கற மாதிரி மேசையில வைக்கச் சொல்லி, பக்கவாட்டுல குனிஞ்சு பாத்தேன். கட்டை விரலுக்குக் கீழ இருக்கற சதை மேடு இடது கையில உருண்டையா இருந்துச்சு, வலது கையில அந்த இடம் தட்டையாகி எலும்போட விளிம்பு தெரிஞ்சுது. நேர் மேல இருந்து பாத்தா இது தெரியாது, பக்கத்துல இருந்துதான் பாக்கணும். கட்டை விரலை மேல கூரையைப் பாக்க நிமித்தி வச்சு, நான் அமுக்கும்போது தாங்குங்கன்னு சொன்னா வலது பக்கம் உடனே இறங்கிடுச்சு.

தொடு உணர்வுக்கு ரெண்டு முனை வச்சுப் பாக்கற டெஸ்ட், ரெண்டு முனையையும் எவ்வளவு கிட்ட வச்சா ரெண்டுன்னு சொல்ல முடியுதுன்னு பாக்கறது. விரல் நுனியில 5, 6 மில்லிமீட்டர் வரைக்கும் நார்மல். அவங்களுக்கு சுண்டு விரல்ல 5, ஆள்காட்டி விரல்ல 11. இன்னொரு முக்கியமான விஷயம், கட்டை விரல் சதை மேட்டுக்கு மேல இருக்கற தோல்ல உணர்வு நல்லா இருந்துச்சு. அந்தத் தோலுக்குப் போற கிளை மணிக்கட்டுக்கு முன்னாடியே பிரிஞ்சு, டனலுக்கு வெளிய போயிடுது. அதனால விரல் மரத்து உள்ளங்கைத் தோல் நல்லா இருந்தா, அடைப்பு மணிக்கட்டு டனலுக்குள்ளதான்னு சொல்லலாம்.

மணிக்கட்டுல நரம்பு மேல கட்டை விரலால 30 செகண்ட் அமுக்கிப் பிடிக்கற டர்கன் டெஸ்ட்ல, 10 செகண்ட்லயே மரமரப்பு ஏறிடுச்சுன்னாங்க. மணிக்கட்டை 1 நிமிஷம் மடக்கி வைக்கற ஃபேலன் டெஸ்டும் பாசிட்டிவ். ஆனா நரம்பைத் தட்டிப் பாக்கற டினல் டெஸ்ட் நெகடிவ், அதை வச்சு "கார்பல் டனல் இல்ல"ன்னு முடிவு கட்டக் கூடாது, நரம்பு ரொம்ப நொந்து போனவங்களுக்கு இந்த மாதிரி சீண்டிப் பாக்கற டெஸ்டுங்க சரியா காட்டாமலே போகலாம்.

கழுத்தையும் சரியா பாத்தேன், ஏன்னா எழுதிக் குடுத்தவங்களைச் சும்மா தள்ளிட முடியாது. கழுத்தைத் திருப்பி சாய்ச்சு அமுக்குனா கைக்கு எதுவும் இறங்கல, ரிஃப்ளெக்ஸ் ரெண்டு பக்கமும் சமம், மணிக்கட்டை நிமிர்த்தற பலம் நல்லா இருந்துச்சு. கழுத்துல இருந்து வர்ற ஆறாவது நரம்பு வேர், சி6, அமுங்குனா கட்டை விரலும் ஆள்காட்டியும் மரக்கும், சரிதான், ஆனா முன்கை ஓரமும் சேந்து மரக்கும், கட்டை விரல் சதை மேடு இப்படி வத்தாது. 50 வயசு தாண்டினவங்க கழுத்தை எக்ஸ்ரே எடுத்தா பெரும்பாலானவங்களுக்குத் தேய்மானம் தெரியத்தான் செய்யும், அது படத்துல இருக்கறது வேற, கையோட தொந்தரவுக்கு அதுதான் காரணம்கறது வேற. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது.

சர்க்கரையால வர்ற நரம்புக் கோளாறா? அது முதல்ல பாதத்துலதான் ஆரம்பிக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், சுண்டு விரலை மட்டும் விட்டு வைக்காது. அவங்க பாதத்துல மோனோஃபிலமெண்ட்ங்கற மெல்லிசு நைலான் இழையை வச்சுப் பாத்ததுல உணர்வு நல்லாவே இருந்துச்சு. ஆனா சர்க்கரைக்கு இதுல பங்கு இல்லாம இல்ல, கார்பல் டனலும், விரல் மடங்கி மாட்டிக்கற ட்ரிகர் ஃபிங்கரும் சர்க்கரை உள்ளவங்களுக்கு அதிகமா வருது, ரெண்டும் ஒரே கையில சேந்து வர்றதும் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி.

மோதிர விரல் அடியில, உள்ளங்கைக் கோட்டு மேல விரலை வச்சுட்டு மடக்கி நிமித்தச் சொன்னா, சின்ன முடிச்சு ஒண்ணு என் விரலுக்குக் கீழ ஓடி நின்னு, குதிச்சுத் தாண்டுச்சு. அதுதான் ட்ரிகர் ஃபிங்கர். விரலை மடக்கற தசைநார் எலும்பை ஒட்டி ஓடறதுக்கு வரிசையா வளையம் இருக்கு, முதல் வளையம் ஏ1, அது தடிச்சு, தசைநாரும் அந்த இடத்துல வீங்கி மாட்டிக்குது. அவங்ககிட்ட, முடிச்சு விழுந்த நூலை ஊசிக் காதுல இழுத்தா எங்க நிக்குமோ அதேதான்னு சொன்னேன், உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. நிறைய பேர் விரலோட நடு மூட்டைக் காட்டி இங்கதான் மாட்டுதுன்னு சொல்லி அங்க தைலம் தேய்ப்பாங்க, குதிக்கறது அங்க தெரிஞ்சாலும் மாட்டற இடம் உள்ளங்கைதான்.

மூணாவது, கட்டை விரல் வலி. இங்க ரெண்டு சந்தேகம் வரும். ஒண்ணு டி கொர்வெய்ன், சுவிட்சர்லாந்து சர்ஜன் ஃபிரிட்ஸ் டி கொர்வெய்ன் 1895ல எழுதுனது, கட்டை விரலுக்குப் போற ரெண்டு தசைநார் மணிக்கட்டு ஓரத்துல ஒரே உறைக்குள்ள நெருக்கடியில மாட்டறது. இன்னொண்ணு கட்டை விரல் அடி மூட்டுத் தேய்மானம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் தூரம், அதனாலதான் குழம்பறாங்க. ஒரே ஒரு விரலால வலிக்கற இடத்தைக் காட்டுங்கன்னு கேட்டேன், அவங்க காட்டுனது மணிக்கட்டு எலும்பு மேட்டை இல்ல, அதுக்கு முன்னாடி கட்டை விரல் எலும்பு ஆரம்பிக்கற மூட்டை. கட்டை விரலைப் பிடிச்சு மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் சாய்ச்சா பெருசா வலி இல்ல, கட்டை விரல் எலும்பை மூட்டுக்குள்ள அழுத்திச் சுத்துனா முகம் சுருங்கிடுச்சு. எக்ஸ்ரேயும் மூட்டு இடைவெளி குறைஞ்சிருக்கறதைக் காட்டுச்சு. ஆக தேய்மானம் அவங்களுக்கு இருக்கு, கழுத்துல தேடிட்டு இருந்தாங்க, தொந்தரவு குடுத்தது கட்டை விரல்ல.

டெஸ்டுங்க

நெர்வ் கண்டக்‌ஷன்ல மீடியன் நரம்பு மோட்டார் லேடென்சி, அதாவது மணிக்கட்டுல குடுத்த சிக்னல் கட்டை விரல் சதைக்குப் போய்ச் சேர்ற நேரம், 6.8 மில்லிசெகண்ட், சாதாரணமா 4 சொச்சத்துக்குள்ள இருக்கணும். உணர்வு சிக்னல் பதிவாகவே இல்ல. அல்னார் நார்மல். தசைக்குள்ள ஊசி வச்சு அதோட மின் சிக்னலைப் பாக்கற ஈஎம்ஜில கட்டை விரல் சதையில நரம்பு இழப்புக்கான அடையாளம். டிஎஸ்எச் நார்மல், தைராய்டு குறைஞ்சாலும் கார்பல் டனல் வரும்கறதால பாக்கறது. எச்பிஏ1சி 8.6, சர்க்கரை கட்டுக்குள்ள இல்லைன்னு அர்த்தம். எல்லா கார்பல் டனலுக்கும் நெர்வ் டெஸ்ட் வேணும்னு நான் நினைக்கல, கதையும் கையும் தெளிவா இருந்தா ஸ்ப்ளிண்ட் போட ஆரம்பிச்சிடலாம். ஆனா கத்தி வைக்கப் போற கைக்கு, அதுவும் கழுத்துன்னு ஏற்கனவே ஒரு பேர் விழுந்த கைக்கு, எழுத்துல ஒரு ஆதாரம் இருக்கறது நல்லது.

ஏன் நேரா ஆபரேஷன்

வழக்கமா நான் ஆபரேஷன்ல ஆரம்பிக்கறது இல்ல. ராத்திரி மட்டும் மரக்கற ஆளுக்கு மணிக்கட்டை நேரா வைக்கற ஸ்ப்ளிண்ட், தினம் ராத்திரி, குறைஞ்சது 6 வாரம். மணிக்கட்டு மடங்குனா டனலுக்குள்ள அழுத்தம் ஏறும், தூக்கத்துல நாம கையை மடக்கித்தான் படுக்கறோம், அதைத் தடுத்தாலே நிறைய பேருக்குத் தூக்கம் திரும்பிடும். கர்ப்ப காலத்துல வர்றது பெரும்பாலும் பிரசவத்துக்கு அப்புறம் தானா இறங்கிடும், அங்க ஸ்ப்ளிண்டே போதும். ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துல இருந்து சில மாசம் வரைக்கும் நல்ல நிம்மதி குடுக்கும், ஆனா பலருக்குத் திரும்ப வரும்.

இவங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிடுச்சு. நாள் முழுக்க மரமரப்பு, சதை வத்தல், ஈஎம்ஜில நரம்பு இழப்பு, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலே ஸ்ப்ளிண்ட் போட்டு மாசக்கணக்குல பாக்கற யோசனையை விட்டுடணும். ஊசி போட்டா வலி குறையும், வலி குறைஞ்சா ஆள் வர மாட்டாங்க, உள்ள நரம்பு போய்க்கிட்டே இருக்கும், அதுதான் எனக்குப் பயம். ட்ரிகர் ஃபிங்கர் மட்டும் இருந்திருந்தா ஊசி முதல்ல போட்டுப் பாத்திருப்பேன், சர்க்கரை உள்ளவங்களுக்கு அது மத்தவங்க அளவுக்குக் கேக்கறது இல்ல, சில நாளைக்குச் சர்க்கரையும் ஏறும், ஆனாலும் முயற்சி பண்ணலாம். எப்படியும் உள்ளங்கையில கை வைக்கப் போறோம்கறதால ரெண்டையும் ஒரே நேரத்துல முடிக்கலாம்னு பேசி முடிவு பண்ணோம். கட்டை விரல் மூட்டுக்கு இப்போதைக்குக் கத்தி வேண்டாம்.

சர்க்கரை விஷயத்துல ஒரு நடைமுறைச் சிக்கல். எச்பிஏ1சி கடந்த 3 மாசத்துச் சராசரி, அது இறங்கட்டும்னு காத்திருந்தா நரம்பு காத்திருக்காது. அதனால அவங்க சர்க்கரை டாக்டர்கிட்ட பேசி மருந்தை மாத்தி, 3 வாரம் தினசரி அளவு கட்டுக்குள்ள இருக்கறதைப் பாத்துட்டு பண்ணோம்.

ஆபரேஷன்

முழு மயக்கம் இல்ல, கைக்கு மேல இறுக்கிக் கட்டற டூர்னிகெட்டும் இல்ல. மரத்துப்போக வைக்கற லிக்னோகெய்னோட அட்ரினலின் கலந்து உள்ளங்கையில போட்டுட்டு அரை மணி நேரம் சும்மா விட்டா ரத்தக்குழாய் சுருங்கி இடம் வெளுத்துடும். விரல்ல அட்ரினலின் போட்டா விரல் அழுகிடும்னு ரொம்ப காலம் பாடத்துல சொல்லிக் குடுத்தாங்க, கனடா சர்ஜன் டொனால்ட் லலோண்ட் மாதிரியான ஆளுங்க வேலையாலதான் அந்தப் பயம் விலகி இந்த முறை பரவுச்சு. சர்க்கரை உள்ளவங்களுக்கு இது பெரிய வரம், பட்டினி போட வேண்டாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

உள்ளங்கை அடியில சுமார் 3 சென்டிமீட்டர் கீறல். டனலோட அடியும் பக்கமும் மணிக்கட்டு எலும்புங்க, மேல கூரையா கெட்டியான ஒரு பட்டை, உள்ள 9 தசைநாரும் மீடியன் நரம்பும். ஆபரேஷன்னா அந்தக் கூரைப் பட்டையை முழுசா பிரிச்சு விடறது, அவ்வளவுதான், நரம்பைத் தொட்டு எதுவும் பண்றது இல்ல. முழுசா பிரியணும், ஒரு ஓரத்துல நாலு இழை விட்டாலும் தொந்தரவு தொடரும். கட்டை விரல் சதைக்குப் போற கிளை சிலருக்கு எதிர்பாக்காத இடத்துல வரும், அதனால கண்ணால பாத்துத்தான் வெட்டணும். இவங்க நரம்பு பட்டைக்குக் கீழ நசுங்கி நடுவுல ஒடுங்கி இருந்துச்சு.

அடுத்து மோதிர விரல் அடியில சின்னக் கீறல், ஏ1 வளையத்தைப் பிரிச்சோம். ஆள் முழிச்சிருக்கறதோட அருமை இங்கதான். அம்மா, இப்ப விரலை மடக்கி நிமித்துங்கன்னேன். மடக்குனாங்க, நிமித்துனாங்க, மறுபடி மடக்குனாங்க, எங்கயும் மாட்டல. அது வளையம் சரியா பிரிஞ்சதுக்கு மேசையிலயே கிடைச்ச சோதனை.

அப்புறம்

அன்னைக்கே எல்லா விரலையும் மடக்கி நீட்டச் சொன்னோம், கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைக்கணும், மணிக்கட்டுக்கு ஸ்ப்ளிண்ட் கிடையாது. 13ஆம் நாள் தையல் பிரிச்சோம், பிரிச்சதும் தழும்பை எண்ணெய் போட்டு அமுக்கித் தேய்க்கணும், இதைப் பலர் சோம்பல்ல விட்டுடறாங்க, அப்புறம் தழும்பு கெட்டியாகி அழுத்துனா வலிக்கும். உள்ளங்கை அடியில ரெண்டு ஓரத்துலயும் ஊனி எழுந்தா வலிக்கும், அது 2, 3 மாசம் இருக்கும், முன்னாடியே சொல்லி வச்சதால பயப்படல.

ராத்திரி முழிப்பு முதல் வாரத்துலயே நின்னுடுச்சு. நிரந்தர மரமரப்பு அவ்வளவு சீக்கிரம் போகல, 3 மாசத்துல ஆள்காட்டி விரல் அளவு 9 மில்லிமீட்டர், 6 மாசத்துல 7. ஊசி கையில இருக்கறது தெரியுதுன்னாங்க, மெல்லிசு துணியோட நெசவு இன்னும் தெரியலைன்னாங்க. சதை மேடு கொஞ்சம் நிரம்பியிருக்கு, இடது கை அளவுக்கு இல்ல, வரும்னும் நான் சொல்லல. ராத்திரி மட்டும் மரத்துட்டு இருந்த காலத்துல யாராவது அந்தக் கைப்படத்தை நிரப்பச் சொல்லியிருந்தா இந்த இழப்பு பெரும்பாலும் இருந்திருக்காதுன்னு நினைக்கும்போது வருத்தமாதான் இருக்கு.

கட்டை விரல் மூட்டுக்கு ஒரு சின்ன ஸ்ப்ளிண்ட், வேலை நேரத்துல மட்டும். தானா திறக்கற ஸ்பிரிங் கத்திரிக்கோலுக்கு மாறுனாங்க, பிடி தடிமனா இருக்கற சாமானா பாத்து வாங்கிக்கிட்டாங்க, ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டுல தள்ளிப் பிடிக்கற பயிற்சி, தேவைப்படும்போது டைக்ளோஃபெனாக் ஜெல். வலி பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. இதுவும் கேக்காம போனா மூட்டுக்குள்ள ஊசி, அதுக்கும் அப்புறம்தான் அந்த மூட்டுல இருக்கற ட்ரபீசியம்ங்கற மணிக்கட்டு எலும்பை எடுக்கற ஆபரேஷன் பத்திப் பேச்சு.

இதே "கை வலி"யோட வர்ற மத்தவங்க

குழந்தை பிறந்து சில வாரம் ஆன அம்மாக்கள் கட்டை விரல் பக்க மணிக்கட்டு வலியோட வந்தா அது பெரும்பாலும் மேல சொன்ன டி கொர்வெய்ன், குழந்தையைத் தூக்கும்போது கட்டை விரலை விரிச்சு மணிக்கட்டை வளைக்கறதால. கட்டை விரலையும் சேத்துப் பிடிக்கற ஸ்ப்ளிண்ட், ஒரு ஊசி, பெரும்பாலும் அதோட சரி. தூக்கும்போது உள்ளங்கையைக் குழந்தைக்கு அடியில குடுத்து அள்ளித் தூக்கக் கத்துக்கணும். மணிக்கட்டு மேல கோலி உருண்டை அளவு புடைப்பு கேங்ளியான், உள்ள கெட்டித் திரவம் நிரம்புன பை, அது கேன்சர் இல்ல, வலி இல்லைன்னா விட்டுடலாம், பல பேருக்குத் தானா மறையும், தடியான புத்தகத்தால அடிச்சு உடைக்கற பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஆனா கையை ஊனி விழுந்த பையனோ பொண்ணோ, கட்டை விரலை நிமித்துனா அடியில விழற குழியில அமுக்கும்போது வலிக்குதுன்னு சொன்னா, முதல் எக்ஸ்ரே நார்மலா இருந்தாலும் "சுளுக்கு"ன்னு அனுப்பாதீங்க. மணிக்கட்டுல கட்டை விரல் பக்கம் இருக்கற ஸ்கேஃபாய்டு எலும்போட முறிவு ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாம போகும். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்க முனையில இருந்து பின்னோக்கிப் போகுது, நடுவுல முறிஞ்சா பின் பாதி ரத்தம் இல்லாம செத்துப்போக வாய்ப்பு இருக்கு. அதனால முறிவு இருக்குன்னே நினைச்சு கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழிச்சு மறுபடி எக்ஸ்ரே, முடிஞ்சா முன்னாடியே எம்ஆர்ஐ.

இப்ப இவங்க இடது கை. கைப்படத்துல இடது பக்கத்தையும் நிரப்பச் சொன்னதுல ஆள்காட்டி, நடுவிரல் நுனி மட்டும் நிரப்பியிருக்காங்க, அதுவும் வாரத்துல ஒண்ணு ரெண்டு ராத்திரிதான். சதை மேடு முழுசா இருக்கு, ரெண்டு முனை டெஸ்ட் 5. ராத்திரி ஸ்ப்ளிண்ட் குடுத்திருக்கேன், 6 வாரம் கழிச்சு பாக்கறோம், பகல்ல மரக்க ஆரம்பிச்சா அதுக்கு முன்னாடியே வந்துடணும்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.